பின்னாடி டயர்தானே

அன்றைக்கு மண்டபத்தில் என்னைப் பார்த்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்ளோ ஸ்பீடுல வந்தே?"

வண்டி ஏன் வழுக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. வழுக்கின வண்டியை எப்படி நிறுத்தினாய் என்று கேட்கும் யோசனையே யாருக்கும் வரவில்லை. ஓட்டினது பொம்பளை, கார் ரோட்டில் ஆட்டம் போட்டிருக்கிறது, அப்படியென்றால் வேகம்தான். கேசரி சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டு, காபி வந்ததா என்று பார்க்கப் போய்விட்டார்கள்.

கோபம் அடங்கின பிறகு இதை எழுதலாம் என்று கொஞ்ச நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். அது அடங்குகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அம்பத்தூரை ஒட்டின கள்ளிக்குப்பத்தில், ஒரு அப்பார்ட்மென்ட்டில். என் கணவருக்கு ஐ.டி. வேலை. பாதி நாள் ஹாலிலேயே ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மீதி நாள் கம்பெனி கேப் வாசலுக்கே வந்து கூட்டிப் போகும். எனக்குக் குத்தம்பாக்கம் தாண்டி ஒரு ஃபேக்டரியில் வேலை. கார்களுக்கு வேண்டிய ரப்பர் சாமான்கள் செய்கிற இடம். நான் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். காலை ஷிஃப்ட் ஆரம்பித்ததும் ஒவ்வொரு மெஷினிலும் முதலில் வருகிற பீஸை நான் அளந்து, கையால் தடவிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை மெஷின் ஓடாது. நான் லேட் என்றால் ஒரு லைனே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதில்லை. வேலைக்குச் சேரும்போதே கேட்டார்கள், அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து விடிகாலை ஷிஃப்டுக்கு எப்படி வருவீர்கள் என்று. கார் இருக்கிறது, நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் வேலையே கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே அந்தக் கார் எனக்கு ஊர் சுற்றுகிற வண்டி இல்லை. அதன் சாவி போனால் வேலை போகும். இது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன்னால் நான்கு டயரும் தேய்ந்துபோயிருந்தன. நான் ஓட்டுகிறவள், தேய்ந்ததை முதலில் சொன்னவளும் நான். ஆனால் டயர் கடைக்குப் போவது ஆம்பளை வேலை என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை வண்டியை எடுத்துப் போனார்கள். அண்ணன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். வண்டி விஷயம் என்றால் அவர் சொல்வதுதான் எங்கள் குடும்பத்தில் சட்டம்.

புது டயர் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டையும் முன்னாடி மாட்டியிருந்தார்கள். பின்னாடி பழையது அப்படியே இருந்தது.

நான் குனிந்து பின் டயரைத் தடவினேன். நாள் முழுக்க ரப்பரைத் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற கை இது. வழவழவென்று இருந்தது. தண்ணீர் போவதற்கு இருக்க வேண்டிய பள்ளமெல்லாம் தரைமட்டம். இதை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

"பின்னாடிதானே," என்றார் என் கணவர். "இன்ஜின் முன்னாடி இருக்கு, ஸ்டியரிங் முன்னாடி இருக்கு. பின்னாடி டயர் சும்மா உருள்றதுதானே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அண்ணனும் தலையாட்டினார். டயர் கடைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம். எங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிற கார்களைக் குனிந்து பார்த்தால் பாதிக்கு மேல் இதே கதைதான். புதுசு முன்னாடி, பழசு பின்னாடி. யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியவில்லை, எல்லோரும் ஏதோ வேதம் மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

இந்தப் 'பின்னாடிதானே' எனக்குப் புதுசில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது ஹாலுக்கு அடித்தார்கள், கிச்சனுக்கு அடிக்கவில்லை. பின்னாடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள். பின் பால்கனியில் கம்பி துருப்பிடித்துக் கையோடு வருகிறது, முன் வாசலுக்குப் புதுசாக டிசைன் கேட் போட்டார்கள். காரிலும் அதேதான். முன் சீட்டில் ஆம்பளைகள், பின் சீட்டில் பொம்பளைகளும் குழந்தைகளும் சீர்த் தட்டும். பின்னாடி என்றால் எங்களுக்கு என்று அர்த்தம் போலிருக்கிறது.

விஷயம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருமழிசையில் ஒரு மண்டபத்தில் உறவில் நிச்சயதார்த்தம். அவரும் அவர் அண்ணனும் மண்டப வேலைக்காக முந்தியே அண்ணன் பைக்கில் போய்விட்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிற என் மாமியாரையும் சீர்த் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வருவது என் பொறுப்பு. மாமியார் வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறினார். ஆரஞ்சுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார், வெற்றிலைத் தட்டும் பூவும் பக்கத்தில்.

நெமிலிச்சேரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தூறல் பிடித்தது. நாள்பட்ட வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் தூறல்தான் மோசம். ரோட்டில் லாரி சிந்தின எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சோப்புத் தண்ணீர் ஊற்றினமாதிரி ஆகிவிடும். எனக்கு அது தெரியும், அதனால் மெதுவாகத்தான் போனேன். எவ்வளவு மெதுவாக என்றால், ஆள் ஏற்றின ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. இந்த ஆட்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நாங்கள் போன சர்வீஸ் ரோடு இடது பக்கமாக வளைகிறது. இடது ஓரத்தில் திறந்த கால்வாய். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினேன், முன் சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. புது டயர் இல்லையா, கேட்காமல் என்ன செய்யும். பின்பக்கம்தான் கேட்கவில்லை. அது பாட்டுக்கு நேராகப் போகப் பார்த்தது.

முதலில் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்புக்குத்தான் தெரிந்தது. உட்கார்ந்திருக்கிற சீட்டை யாரோ அடியிலிருந்து வலது பக்கமாக இழுக்கிற மாதிரி இருந்தது. அடுத்த கணம் வண்டியின் மூக்கு கால்வாயைப் பார்த்துத் திரும்பியது, பின்பக்கம் எதிரில் வருகிறவர்களின் பாதிக்குள் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு தண்ணீர் லாரி.

டிரைவிங் ஸ்கூலில் இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. அங்கே சொல்லித் தந்ததெல்லாம் ரிவர்ஸ் எடுக்கவும் ஹார்ன் அடிக்கவும்தான். ஆனால் கார் வாங்குவதற்கு முன்னால் பல வருஷம் அம்பத்தூர் எஸ்டேட் ரோடுகளில் ஸ்கூட்டர் ஓட்டினவள் நான். திருப்பத்தில் கொட்டிக் கிடக்கிற மணலில் பின் சக்கரம் போனால் என்ன ஆகும் என்று என் உடம்புக்குத் தெரியும். பிரேக் பிடித்தால் போச்சு. பயந்து ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக விட்டாலும் போச்சு. எங்கே விழப் போகிறோமோ அங்கே பார்த்தால், அங்கேயேதான் போய் விழுவோம்.

வலது கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது. போக விடவில்லை. ஆக்ஸிலரேட்டர் மேலேயே காலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தினேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினேன், அதாவது பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம். கால்வாயைப் பார்க்கவில்லை, லாரியையும் பார்க்கவில்லை. வளைவு முடிந்து ரோடு நேராகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது, அதைப் பார்த்தேன். அங்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

பின் டயர் பிடித்தது. பிடித்ததும் வண்டி மறுபக்கம் வீசியது. இந்த இரண்டாவது வீச்சுதான் ஆளைக் கொல்கிறது. முதல் தடவை தப்பித்துவிட்டோம் என்று கை இறுகிப்போய் ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி எதிர்ப்பக்கம் சுற்றிவிடும். நான் உடனே கையைத் திருப்பினேன், கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, பிறகு நேராக. தண்ணீர் லாரி எங்களை ஒட்டி, காது கிழிய ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஒரு கீறல் இல்லை, வண்டிக்கும் இல்லை எங்களுக்கும் இல்லை. மாமியாரின் ஆரஞ்சு முழுக்கக் காரின் தரையில் உருண்டுகொண்டிருந்தது. அவர் தட்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அத்தை, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

என்னைத் தாண்டிப் போன ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்து வந்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னாமா, மய பெஞ்சிகினு கீது, இம்மாம் ஸ்பீடா வர்றது? மெதுவா வர வேணாமா?"

என்னைத் தாண்டிப் போன மனுஷன்! அவர் போன பிறகுதான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று வரிசையாகத் தோன்றியது. இன்றைக்கும் குளிக்கும்போது அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆரஞ்சையெல்லாம் பொறுக்கித் தட்டில் அடுக்கினேன். மாமியாரின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மண்டபத்து வாசலில் அவர் சொன்னது வேறு.

இறங்கினதும் மாமியாரின் தம்பி பெண்டாட்டி வந்து, ஏன் லேட் என்று கேட்டார். மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அதை ஏன் கேக்கறே. பறந்தா. வண்டி அப்படியே சுத்திப்போச்சு. ஏதோ சாமி புண்ணியம், உசுரோட வந்து சேந்தோம்."

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. எவ்ளோ ஸ்பீடு, எவ்ளோ ஸ்பீடு. நான் வேகமாக வரவில்லை என்றேன், பின்பக்கம் வழுக்கினது என்றேன். என் கணவரின் அண்ணன் நேரே காரிடம் போனார். சுற்றிலும் ஆட்கள் நிற்க, முன் டயரை ஓர் உதை உதைத்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, டயரெல்லாம் புதுசுதான், வண்டி மேல ஒரு குறையும் இல்லை என்றார்.

அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. வழுக்கினதற்குக் காரணம் எதுவோ, அதுவே எனக்கு எதிராகச் சாட்சியாகிவிட்டது. டயர் புதுசு, அப்படியென்றால் ஓட்டினவள்தான் குற்றவாளி. நாலு எட்டு வைத்துப் பின்னாடி போய்க் குனிந்திருந்தால் போதும், ஆனால் ஒருவரும் போகவில்லை. நான் பின் டயரைக் காட்டப் போனபோது, என் கணவர் என் தோளைத் தொட்டு, சரி விடு, நல்ல காரியம் நடக்கிற இடம் என்றார். அவருக்கு அது அன்பு.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். நான் பின் சீட்டில். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டவில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் நீ ஓட்ட வேண்டாம், பயம் தெளியட்டும் என்றார். எனக்கு என்ன பயம்? பயந்திருந்தால் அன்றைக்கே பிரேக்கில் காலை வைத்திருப்பேன், அப்போது பேசுவதற்கு ஆள் இருந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டிக்குத் திருஷ்டி கழித்தார்கள். மாமியார் ஏற்பாடு. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒரு சக்கரத்தடியில் பழம் சரியாக இல்லை என்று என் கணவரே இறங்கி வந்து நகர்த்தி வைத்தார். அது பின் சக்கரம். மொட்டை டயருக்கு அரையடி தூரத்தில் அவர் முகம் இருந்தது. பழத்தைப் பார்த்தார், டயரைப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கும்போது மட்டும் நாலும் சக்கரம். டயர் வாங்கும்போது பின்னாடிதானே. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் பஸ்ஸில் போனேன். கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர், அங்கிருந்து பூந்தமல்லி, அங்கே இன்னொரு பஸ், அது வராவிட்டால் ஷேர் ஆட்டோ, கடைசியில் லாரிகள் போகிற ரோட்டில் சேற்றில் நடை. இருட்டோடு கிளம்பினாலும் ஒரு பஸ் விட்டால் எல்லாம் போயிற்று. நான் உள்ளே நுழையும்போது மெஷின்கள் நின்றுகொண்டிருக்கும், ஆப்பரேட்டர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மேலாளர் நல்ல மனுஷர்தான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார், பிறகு சிரிக்காமல் சொன்னார். கடைசியில் தன் அறைக்குக் கூப்பிட்டு, இந்த மாசக் கடைசிக்குள் ஒரு வழி செய்யுங்கள் மேடம், இல்லையென்றால் முதல் ஷிஃப்டுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டில் சொன்னேன். அவர் ஹெட்செட்டைக் காதிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டார். பிறகு, பக்கத்திலேயே ஏதாவது வேலை பார்க்கலாமே, இவ்வளவு தூரம் எதற்கு என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பார்க்கிங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். பின் டயர் முன்னால் உட்கார வைத்தேன். தொட்டுப் பாருங்கள் என்றேன். முன்னாடி பிடிக்கிறது, பின்னாடி பிடிக்கவில்லை, வளைவில் முன்பக்கம் திரும்பும்போது பின்பக்கம் தூக்கி வீசும், யார் ஓட்டினாலும் வீசும் என்று சொன்னேன். ரப்பரைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் இதே டயரில்தான் நானும் ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஞாயிற்றுக்கிழமை காய்ந்த ரோட்டில் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவர் பேசுகிற பேச்சு. மேலே போய் மறுபடியும் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டார்.

மாமியார் எப்போதும் மழைக்காலத்தில் எங்களோடு கொஞ்ச நாள் வந்து இருப்பார், குவார்ட்டர்ஸ் ஒழுகும் என்பதால். அந்தத் தடவையும் வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் அம்மாவைக் கூட்டிப்போக வந்தார். பைக்கில் வந்து தொப்பலாக நனைந்திருந்தார். இந்த மழையில் அம்மாவை எப்படிப் பைக்கில் வைத்துக்கொண்டு போவது, நீ காரில் கொண்டுவந்து விட்டுவிடு என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ஹாலில் டீ குடித்துக்கொண்டு டி.வி. பார்த்தார்கள்.

நான் கிச்சனில் இருந்தேன். மாமியார் உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினார். ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார்.

"இந்த மழையில அவன் ஓட்டினா எனக்குப் பயமா இருக்கும்மா. நீ ஓட்டேன்."

எனக்குப் புரியவில்லை. நான்தான் பறக்கிறவள் ஆயிற்றே அத்தை என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

"நீ எங்க பறந்தே. ஆட்டோகூட நம்மளத் தாண்டித்தானே போச்சு. நான் பாத்துக்கினுதானே இருந்தேன். எனக்கு அடியிலதான் வண்டி வழுக்குச்சு, முன்னாடி இல்ல. நீ கையக் கால வச்சி என்னமோ பண்ணித்தான் நின்னுச்சு."

குரலைத் தாழ்த்திச் சொன்னார். மண்டபத்து வாசலில் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்ன அதே வாய். அப்போது ஏன் அத்தை அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டயரு மாத்திக்கினு வந்தது ரெண்டு பசங்களும். பத்து பேரு நடுவுல அவங்க மேல எப்படிம்மா சொல்றது? நீன்னா தாங்கிப்பே," என்றார்.

நீன்னா தாங்கிப்பே. என் வாழ்க்கையில் இதைவிட என்னைக் கொதிக்க வைத்த வார்த்தை இல்லை. பாராட்டு மாதிரிச் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். அவரைக் கால்வாயில் விழாமல் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கை, பழியையும் இதே கை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அத்தனை நாள் பஸ்ஸில் நசுங்கியது, சேற்றில் நடந்தது, மேலாளர் முன்னால் தலை குனிந்து நின்றது, எல்லாவற்றையும் இவர் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருந்திருக்கிறார். இங்கேயே, இதே வீட்டில், நான் ஈரச் சேலையோடு உள்ளே வரும்போது துண்டு எடுத்துக் கொடுத்தபடி.

ஹாலுக்கு வந்து இதை அவர்களிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் கதவு வரைக்கும் வந்தார். இரண்டு பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள். என்னம்மா என்று பெரியவர் கேட்டார். மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மழை விடுமான்னு பாத்தேன் என்றார்.

நான் பெட்ரூமுக்குப் போனேன், கதவில் மாட்டியிருந்த என் கணவர் சட்டையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். ஹாலைத் தாண்டிப் போகும்போது, டயர் மாற்றப் போகிறேன், இரண்டும் பின்னாடி, என் சம்பளத்தில் என்றேன். அவர் எழுந்து, இந்த மழையிலா, நாளைக்கு நானே போகிறேன் என்றார். நான் நிற்கவில்லை.

பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போது மாமியார் படியிறங்கி வந்தார், குடைகூட இல்லாமல். வழக்கம்போலப் பின் கதவைத் திறந்தார்.

"பின்னாடி வேணாம் அத்தை," என்றேன். "முன்னாடி உக்காருங்க. ரோட்டைப் பாருங்க. ஸ்பீடு காட்டுற இந்த முள்ளு எங்க நிக்குதுன்னும் பாருங்க. நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் சொல்லணும்."

அவர் முன் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை, நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன். அவ்வளவு கோபத்திலும் மாட்டத்தான் வேண்டியிருந்தது. அம்பத்தூர் வரைக்கும் நத்தை மாதிரிப் போனேன், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முந்தியே வேகத்தைக் குறைத்து. அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டயர் கடைக்காரர், முன்னாடிதானே மேடம் என்று கேட்டுக்கொண்டே ஜாக்கியை முன்பக்கம் உருட்டினார். பின்னாடி என்றேன். எல்லாரும் முன்னாடிதான் போடுவார்கள் என்றார். எல்லாரும் போடட்டும், நீங்கள் பின்னாடி போடுங்கள் என்றேன். என் குரல் சரியாக இல்லை போலிருக்கிறது, மறுபேச்சுப் பேசாமல் போட்டார். கழற்றின பழைய டயரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். மாமியார் அதன் பக்கத்தில் போய் நின்று, உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார், முன்னாடியே.

நாங்கள் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. அண்ணனும் தம்பியும் கீழே இறங்கி வந்து பார்க்கிங்கில் காத்திருந்தார்கள். வாட்ச்மேனும் இருந்தார். நான் வண்டியை நிறுத்தினதும் பெரியவர் முன் கண்ணாடிப் பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே கேட்டார். "என்னம்மா, எவ்ளோ ஸ்பீடுல வந்தா?"

மாமியார் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தார். நான் உதவி செய்யவில்லை.

"முப்பது," என்றார். பிறகு பெல்ட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அன்னிக்கும் மெதுவாத்தான் வந்தா. ஆட்டோக்காரன் தாண்டிப் போனான். நீங்க ரெண்டு பேரும் விட்டு வச்ச டயருதான் வழுக்குச்சு. இவ இல்லேன்னா எனக்கு அன்னிக்கே மாலை போட்டிருப்பீங்க."

பெரியவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. என் கணவர் பின்பக்கம் போனார். குனிந்து, புது டயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அத்தனை நாளில் அவர் தானாகப் பின் டயரைப் பார்க்கப் போனது அன்றைக்குத்தான்.

என் மனசு குளிர்ந்துபோயிருக்க வேண்டும். இல்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரும் அந்தப் பார்க்கிங்கில் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை நான் இன்றைக்கும் பறந்து வந்தவள்தான், இனிமேல் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒருத்தராவது கேட்பார். அவர்களிடம் போய் யார் சொல்லப் போகிறார்கள்? நான் இறங்கி வண்டியைப் பூட்டினேன். அவர் என் பக்கம் வந்து, பழக்கத்தில், சாவிக்குக் கையை நீட்டினார்.

காலையில் எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்றேன். சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு மாடி ஏறினேன்.